இடது பக்கத்து மஞ்சள் கொடி

ஜனவரி 7, ஞாயிறு

ஹக்கீம் சொல்லித்தான் இந்த டைரியைத் தொடங்குகிறேன். ரேஸ் ஓட்டுகிறவன் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டுமாம். டயரில் எவ்வளவு காற்று, எந்தச் சுற்றுக்கு எத்தனை நொடி, எந்த வளைவில் என்ன தப்பு. "எழுதுனாத்தான்டா மாப்ள தப்பு தெரியும். மண்டைக்குள்ளயே வெச்சுக்கிட்டா எல்லாருமே சாம்பியன்தான்" என்றான். ஹக்கீம் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். இப்போது கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கிறான். அமைதியாக ஓடுகிற கார்களைக் கொண்டுபோய் விட்டால் சத்தம் போடுகிற கார்களாக்கித் தருவான்.

டைரி ஒரு பேரிங் வியாபாரி புத்தாண்டுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்குப் பொறுமையைப் பற்றி. எனக்குப் பொறுமை இல்லாததால் படிக்கவில்லை.

என் பெயர் நந்தகோபால். வயது நாற்பத்து நான்கு. பம்பு மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன், அதாவது அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். மனைவி பிரேமலதா கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். மகள் மிருதுளா எட்டாம் வகுப்பு. இவர்கள் போக, சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன டர்போ கார். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் அதை ஒழுங்காக வைத்திருந்தார். நான் ஸ்பிரிங்கை மாற்றி மூன்று விரற்கடை கீழே இறக்கியிருக்கிறேன்.

மார்ச் 10 அன்று நொய்யல் மோட்டார் கிளப்பின் புதுமுகங்கள் கோப்பை. பத்துச் சுற்று, பன்னிரண்டு கார். தினமும் ரோட்டில் ஓட்டுகிற வண்டியிலேயே வந்து ஓட்ட வேண்டும் என்பது விதி. புதுமுகத்துக்கு வயது வரம்பு உண்டா என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை எடுத்தவர், "உங்க பையனுக்குங்களா சார்?" என்றார்.

பதினான்கு வயதிலிருந்து ரேஸ் பார்க்கிறேன். முப்பது வருடம் வேலிக்கு வெளியே நின்றாயிற்று. ஒரே ஒரு தடவை உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

டயர் காற்று: முன் 33, பின் 31.

ஜனவரி 10, புதன்

அன்றாடம் ஓட்டும் கார் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. யாரும் கேட்காததால் இங்கே எழுதுகிறேன். எடை ஒரு டன்னுக்குள் இருக்க வேண்டும். மூன்று பெடல் வேண்டும். கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுவது ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிடுகிற மாதிரி. ஒரு ஆளும் ஒரு லேப்டாப்பும் போவதற்கு ஏழு பேர் உட்காரும் வண்டி எடுப்பவர்கள் பீரோவைச் சக்கரம் வைத்து ஓட்டுகிறார்கள். ரோடு எப்படி இருக்கிறது என்று ஸ்டீயரிங் நம் கைக்குச் சொல்ல வேண்டும். "எனக்குந்தான் சொல்லுது, முதுகெலும்புக்கு" என்கிறாள் பிரேமா. வேகத்தடை வந்தால் அவள் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வாள்.

காலை எட்டு பத்துக்கு மிருதுளாவைப் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. ஒன்பது கிலோமீட்டர். முன்பெல்லாம் ஏறியதும் தூங்கிவிடுவாள். போன வருடத்திலிருந்து தூங்குவதில்லை. தூங்காததோடு, வழி நெடுக கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வருகிறாள். "ப்பா, லெஃப்ட்ல பைக்." "ப்பா, லெஃப்ட்ல ஒரு தாத்தா, கிராஸ் பண்றாரு." "ப்பா, பஸ்ஸை எடுக்கறான்."

"நீ அப்படியே உங்கம்மாடி" என்றேன்.

"லெஃப்ட்ல ஆட்டோ" என்றாள்.

ஜனவரி 13, சனி

கேட் தூணில் காரின் இடது பக்கம் மறுபடியும் உரசிவிட்டது. மூன்றாவது தடவை. கொத்தனார் தூணை நாலு அங்குலம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார் என்று அளவு நாடாவை எடுத்துப் போனேன். அளந்து பார்த்ததில் தூண் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் கண்ணாடி. இடது பக்கக் கண்ணாடியை அகலமானதாக மாற்றச் சொல்லி ஹக்கீமிடம் போனேன்.

"வலப் பக்கம் ஒரு கீறல் இல்ல. எல்லாம் இடப் பக்கம்தான்டா. எப்படிடா?" என்று காரைச் சுற்றி வந்தான் ஹக்கீம்.

"வீல் அலைன்மென்ட் இடப்பக்கம் இழுக்குது."

அவன் அலைன்மென்ட் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவனுடைய மெஷினில் ஏதோ கோளாறு.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு மாமனார் வீடு. பாயச டம்ளரைத் தட்டிவிட்டேன். வைத்த இடம் சரியில்லை.

ஜனவரி 24, புதன்

ரேஸ் லைசென்சுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். பிறகு சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். அதற்கும் கீழே பலகையை அச்சடித்தவர்களின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, பார்வை ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"நேராப் பாக்கறது சரிங்க. ஓரத்துல வர்றது தெரியுதான்னு பாத்தாருங்களா?"

"அதெல்லாம் ஃபார்ம்ல இல்ல."

"ஃபார்ம்ல இல்லாட்டி என்னங்க, பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டோணும். நான் வேணா லீவு போடறேன்."

வங்கிக்காரிக்கு எதற்கெடுத்தாலும் இரண்டாவது கையெழுத்து வேண்டும். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று ட்ராக்கில் முதல் பயிற்சி. எழுத எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஹெல்மெட்டை மாட்டியதும் பக்கத்திலிருப்பது எதுவும் தெரியாமல் போகிறது, முன்னால் உள்ளது மட்டும்தான். எல்லோருக்கும் அது பழகக் கொஞ்ச நேரம் ஆகுமாம். பக்கத்துக் காரில் வந்த பையன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பழக்கமே தேவைப்படவில்லை. பிறவியிலேயே ஹெல்மெட் போட்டவன் மாதிரி இருந்தது. இதை ஹக்கீமிடம் பெருமையாகச் சொன்னேன்.

நீண்ட நேர்பாதை முடிவில் வலது பக்கம் திரும்புகிற வளைவு ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே போனேன். வாய்விட்டுச் சிரித்தேன். ஹெல்மெட்டுக்குள் என் சிரிப்பு எனக்கே கேட்டது. சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் இப்படிச் சிரித்ததில்லை. கல்யாணத்தன்று சிரித்திருக்கிறேன் என்று பிரேமாவுக்காக எழுதி வைக்கிறேன்.

சிறந்த சுற்று: 1 நிமிடம் 29.3 நொடி. வலது வளைவுகளில் நான்தான் ராஜா. இடது வளைவுகளில் உள் ஓரத்தை ஒட்டிப் போகாமல் ஒரு லாரி போகிற அளவு இடம் விடுகிறேனாம். "அங்கதான்டா மாப்ள ரெண்டு செகண்ட் விடற. உள்ள வெட்டு, உள்ள வெட்டுன்னு கத்தறேன்" என்றான் ஹக்கீம். அது என் பாணி என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மீண்டும் பயிற்சி. 1:28.1. திரும்பி வந்ததும் குடும்பத்தோடு கடைக்குப் போனோம். மிருதுளாவின் வர்ணனை தாங்க முடியவில்லை. "லெஃப்ட்ல, லெஃப்ட்ல, லெஃப்ட்ல." ரேஸ் டிரைவருக்குக் கவனம்தான் எல்லாம். நாளையிலிருந்து வண்டியில் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

மிருதுளா சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. சிக்னல் தாண்டி இடது பக்கம் திரும்பும்போது ஒரு மொபெட்காரர் எங்கிருந்தோ வந்து பம்பரில் மோதி விழுந்தார். பின்னால் வாழை இலைக் கட்டு. இலைகள் ரோடு முழுக்கச் சிதறின. முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங், இம்மாம் பெரிய எலைக்கட்டு போயிட்டிருக்குது, கண்ணை எங்கிங் வெச்சிருக்கறீங்க?" என்றார் அவர். திட்டக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"நீங்கதானுங்க திடீர்னு வந்தீங்க."

"நான் ரெண்டு நிமிசமா உங்க பக்கத்துலயே வந்துட்டிருந்தேனுங்."

அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு, இலைகளைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தோம். மிருதுளா ஒவ்வொரு இலையாகத் துடைத்து அடுக்கினாள். பிறகு காரில் ஏறியதும் அழ ஆரம்பித்தாள். பள்ளி வரும் வரை அழுகை நிற்கவில்லை.

"அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, எதுக்கு அழுவற?" என்றேன்.

"நான் பாத்தேன்ப்பா. ரொம்ப நேரமாப் பாத்தேன். நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் பிடிவாதம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இனிமேல் மிருதுளாவை ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய் விடுவதாகப் பிரேமா சொல்லிவிட்டாள். காரணம் கேட்டேன். "வழிதானுங்க" என்றாள். அவள் வங்கிக்கும் பள்ளிக்கும் நேர் எதிர்த் திசை. எப்படியோ, எனக்கு டயர் தேய்மானம் மிச்சம்.

தனியாக ஓட்டிக்கொண்டு போனது வெறிச்சென்று இருந்தது. இரண்டு தடவை காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்கள்.

பிப்ரவரி 21, புதன்

என் மேசையின் இடது ஓரத்தில் சோதிக்க வைத்திருந்த மூன்று இரும்பு வார்ப்புகளைத் தொடாமலே, எல்லாம் பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறதி. வயதாகிறது.

மார்ச் 3, ஞாயிறு

இன்று நேரம் குறிக்கும் சுற்றுகள். இதில் யார் வேகமோ அவர் அடுத்த ஞாயிறு ரேஸில் முன்னால் நிற்பார். முதலில் நல்ல சேதியை எழுதுகிறேன். 1:24.6. என் பழைய நேரத்தைவிட மூன்றரை நொடி குறைவு. பன்னிரண்டு பேரில் மூன்றாவது. ஹக்கீம் ஓடி வந்து என்னைத் தூக்கினான், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கி வைத்தான். "எப்படிடா? எல்லாவனும் அந்தச் சுத்துல அஞ்சு செகண்ட் விட்டுட்டு வர்றான், நீ மட்டும் பறக்கற!" என்றான். அனுபவம் என்றேன். அரை மணி நேரம் நான் உலகத்திலேயே பெரிய டிரைவர். இரண்டு இளைஞர்கள் வந்து டயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நானும் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

பிறகு ஒரு அம்மா வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், தலையில் தொப்பி, கழுத்தில் விசில், முழங்கால் வரை மண். நாலாவது போஸ்ட்டில் கொடி பிடிக்கிற மார்ஷல். திலகவதி என்று பெயர், சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. நாலாவது போஸ்ட் என்பது நான் ராஜாவாக இருக்கிற அந்த வலது வளைவுதான். வளைவு வலது பக்கம் என்பதால் அவர் நிற்பது இடது பக்கம்.

"ஏனுங் சார், ஏழாம் நம்பர் வண்டி நீங்கதானுங்களே?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அந்தச் சுத்துல எனக்கு முன்னால ஒரு வண்டி சுத்தி நின்னு போச்சுங்க. நம்ம ஆளுங்க ரெண்டு பேரு எறங்கித் தள்ளிட்டிருந்தாங்க. நான் மஞ்சக் கொடியை ரெண்டு கையிலயும் புடிச்சு ஆட்டுறேன். எல்லா வண்டியும் வேகத்தைக் கொறைச்சுப் போச்சு. நீங்க மட்டும் முழு வேகத்துல அவங்களை ஒரு கை தூரத்துல தாண்டிப் போனீங்க. நான் கொடியோட மண்ணுல குதிச்சேனுங்."

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறேனுங். கொடியைப் பாத்துட்டே வந்தீங்களா, பாக்கவே இல்லைங்களா? பாத்துட்டு வந்திருந்தா அது கொழுப்பு, அதுக்குத் தண்டனை இருக்குது. பாக்கலைன்னா அது வேற விசயம், டாக்டர்கிட்டப் போகோணும்."

ரேஸ் ஓட்டுகிறவன் புத்தி என்ன புத்தி என்பதை இதோ எழுதி வைக்கிறேன். "பாத்தேனுங்க. காலை எடுக்க மனசு வரலை" என்றேன். கொழுப்பெடுத்தவன் என்ற பெயர் பரவாயில்லை என்று தோன்றியது.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க வயசுக்கு இது அழகில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சுற்றை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த சிறந்த சுற்று 1:27.9. பன்னிரண்டு பேரில் ஒன்பதாவது. டயர் ரகசியம் கேட்ட இளைஞர்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் கொடியைப் பார்க்கவில்லை. ஆட்களையும் பார்க்கவில்லை. சுற்றி நின்ற காரையும் பார்க்கவில்லை. அங்கே வெறும் ரோடுதான் இருந்தது. சாவியை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், வெறும் ரோடு.

மார்ச் 4, திங்கள்

காலையில் காபி குடிக்கும்போது பிரேமாவிடம் சொன்னேன். அதிர்ச்சியடைவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். கண் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைக்கு முன்பதிவு. மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கியிருக்கிறாள்.

"மொபெட்டு விழுந்த அன்னைக்கே வாங்கிட்டேனுங்க. எப்பச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்க ரேஸ், ரேஸ்னு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

மிருதுளாவுக்குப் போன வருடமே தெரியுமாம். ஒரு நாள் இடது பக்கம் நின்றுகொண்டு எனக்குக் கை காட்டியிருக்கிறாள், நான் அவளைத் தேடிக்கொண்டே கடந்து போனேனாம். அதற்குப் பிறகுதான் வண்டியில் தூங்குவதை நிறுத்தினாள். இதைக் கேட்ட பிறகு காபியைக் குடிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு வருடமாகப் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் அவளை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

பார்வைப் பரப்பைச் சோதிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், வந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு ஒரே குஷி. ரேஸ் தொடங்குகிற விளக்கைப் பார்த்துக் கிளம்புவதும் இதே வித்தைதான். இந்த ஆஸ்பத்திரியிலேயே வேகமான விரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். வந்தது, அழுத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. நடுநடுவே நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. இரண்டு கண்ணும் முடிந்ததும், "நடுவுல மெஷின் அடிக்கடி நின்னு போச்சுங்களே, ரிசல்ட் சரியா வருமுங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மெஷின் நிக்கலைங்க சார். ஓடிட்டேதான் இருந்துச்சு" என்றாள்.

டாக்டர் தாளைக் காட்டினார். இரண்டு வட்டம். நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு, இடது பக்கம் கறுப்பு நடுவரைக்கும் வந்திருந்தது. பதினெட்டு வருடமாக இந்த மாதிரித் தாள்களில் நிராகரிப்பு முத்திரை குத்துகிறவன் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறது. வலியே இருக்காதாம். காணாமல் போன இடத்தில் கறுப்பாகத் தெரியாது, அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும் என்றார். ரோடு இருந்தால் ரோட்டை வைத்து நிரப்பிவிடும். சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது திரும்பாது.

"வண்டி ஓட்டலாமுங்களா?"

"கூடாதுங்க."

"ட்ராக்குல? அங்க எதிர்ல வண்டி வராது, நடக்கறவங்க கிடையாது. பத்தே பத்துச் சுத்து. ஞாயித்துக்கெழம மட்டும்."

டாக்டர் பிரேமாவைப் பார்த்தார். நாற்பத்து நான்கு வயது ஆள் இப்படிக் கெஞ்சுவதை அவர் முன்பு பார்த்திருக்க மாட்டார்.

மார்ச் 8, வெள்ளி

நியாயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ட்ராக்கில் பத்து வளைவு, அதில் ஏழு வலது. கிளப்பிடம் இருப்பது தெரு டாக்டரின் சான்றிதழ், ஆறுக்கு ஆறு. கண் ஆஸ்பத்திரித் தாள் என் மேசை டிராயரில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. ஒன்பதாவது இடத்தில் நின்று, எல்லோருக்கும் வழிவிட்டு, பத்திரமாகப் பத்துச் சுற்று. முப்பது வருடம் காத்திருந்ததற்கு இது பெரிய பேராசையா?

எழுதி முடித்து மறுபடி படித்தேன். ஒரு பொருளை இப்படிக் கணக்குப் போட்டு யாராவது என் மேசைக்கு அனுப்பியிருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன்.

மாலையில் ஹக்கீம் வந்தான். தாளைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "எல்லாம் இடப் பக்கம்தான்னு நான் சொன்னேன்ல. எனக்குத் தோணலையேடா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் எனக்காக ஒரு வழி சொன்னான். "கியர்பாக்ஸ்னு எழுதிரலாம் மாப்ள. எவனுக்கும் தெரியாது."

இது ரேஸ்காரர்கள் வழக்கம். பயந்தவன், காய்ச்சல்காரன், மனைவி கோபித்துக்கொண்டவன், யார் விலகினாலும் காரணம் கியர்பாக்ஸ்தான். நாட்டில் அத்தனை கியர்பாக்ஸ் நிஜமாகவே உடைந்திருந்தால் ஹக்கீம் இரண்டு மாடி வீடு கட்டியிருப்பான்.

"இல்ல, ஓட்டலாம்னுதான் பாக்கறேன்" என்றேன்.

உள்ளேயிருந்து பிரேமா வந்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன்.

"உங்களை நான் தடுக்க மாட்டேனுங்க. சாவி அந்த ஆணியிலதான் இருக்குது. ஆனா அந்த நாலாவது போஸ்ட்டுல நிக்கற அம்மாவுக்கும் ஞாயித்துக்கெழம வீட்டுல சோறாக்கி வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. அதை மட்டும் நெனைச்சுக்கங்க."

ஹக்கீம் டீ குடிக்காமலே போய்விட்டான்.

மார்ச் 9, சனி

சொட்டு மருந்து காலையும் மாலையும். எரிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் சாவியை நான்தான் ஆணியிலிருந்து எடுத்தேன். எடுத்துப் பிரேமாவிடம் கொடுத்தேன். அவள் கல்யாணத்துக்கு முன்பே கார் லைசென்ஸ் எடுத்தவள், என் வண்டிகளை மட்டும் தொட்டதில்லை. நாலாவது கியரில் முப்பதில் போனாள். எஞ்சின் இருமியது. கியரைக் குறை என்று சொல்ல வாயெடுத்தேன், பின் சீட்டிலிருந்து மிருதுளா, "ப்பா, வண்டியில பேசக் கூடாது" என்றாள். முப்பது கிலோமீட்டரும் வாயை மூடிக்கொண்டு போனேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

கிளப் ஆபீசில் விலகல் படிவம் கொடுத்தார்கள். பெயர், வண்டி எண், பழுதான பாகம். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், டயர், மற்றவை என்று கட்டங்கள். படிவத்தை வைத்து எழுதும் மேசையில், எல்லோரும் கியர்பாக்ஸ் கட்டத்திலேயே டிக் செய்து செய்து, அந்த இடத்தில் மட்டும் தழும்பு விழுந்திருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஹக்கீம் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்தான். இரண்டு மாதமாகத் தூண், கண்ணாடி, அலைன்மென்ட், டம்ளர் வைத்த இடம், மொபெட்காரர், வயது என்று எல்லாவற்றின் மீதும் பழி போட்டாயிற்று. இந்தக் கார் ஒரு தப்பும் செய்யவில்லை. பாவம், அதன் மேல் போட்ட கீறல் அத்தனையும் என்னுடையது.

மற்றவை என்பதில் டிக் செய்து, "ஓட்டுநரின் கண். இரண்டும்" என்று எழுதினேன்.

ஆபீஸ்காரர் இரண்டு தடவை படித்தார். "இப்படியெல்லாம் எழுதறதில்லைங்களே சார்."

"எழுதியாச்சுங்க."

திலகவதி அம்மா தண்ணீர்ப் பாட்டிலோடு நாலாவது போஸ்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, அன்று நான் சொன்னது பொய், கொடி எனக்குத் தெரியவே இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வீட்டுக்குப் போயி விசிலைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டேனுங்க சார். இந்த வேலையே வேண்டாம்னு நெனைச்சேன்" என்றார். பாட்டிலை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு நான் நிம்மதியா நிப்பேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

பட்டியல் ஒட்டிய பிறகு ஒருவர் விலகினால் பின்னால் இருப்பவர்களை முன்னே நகர்த்த மாட்டார்கள். அந்த இடத்தைக் காலியாகவே விடுவார்கள். மேடையில் உட்கார்ந்து பார்த்தோம். பதினொரு கார்களுக்கு நடுவில் ஒன்பதாம் கட்டம் வெறும் தார். அது நேர் எதிரில் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. விளக்கு அணைந்தது, எல்லாம் ஒரே சத்தமாகக் கிளம்பிப் போயின.

கண்ணில் புகை பட்டுவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். காற்று அந்தப் பக்கம் அடித்தது, புகை எங்கள் பக்கம் வரவே இல்லை. நான் அழுதேன். பிரேமா எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது முகத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.